பாதி நீலம்

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

ஊர் அடங்கின பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம்தான், அலட்சியம் இல்லை. பகலில் எழுதலாமென்றால் வாண்டு என் மடியைவிட்டு இறங்குவதில்லை. இருமல் வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போதுதான் கண்ணயர்ந்தான்.

உன் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு தையல்காரர் எடுக்கிறார். மறுபடி மறுபடி கூப்பிட்டதில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "துணி தைக்கணும்னா சொல்லுங்கம்மா, தைச்சுத் தரேன். அக்காவுக்கு நான் எங்க போவேன்" என்றார். அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே எழுதுகிறேன். முகவரி சித்தப்பா கொடுத்தது. நீ முழுகாமல் இருக்கிறாய், ஏப்ரலில் பிரசவம் என்பதும் அவர் சொன்னதுதான். அவர் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது. அவரைத் திட்டாதே. கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷம்தான், அக்கா. அதோடு பயமும். அந்தப் பயத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பிள்ளை வாண்டுவை நீ பார்த்ததில்லை. ஐந்து வயது முடிந்துவிட்டது. சோற்றை வாயில் வைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான், முழுங்கமாட்டான். பிறந்த வருஷத்திலிருந்தே கட்டி, சீழ், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று. கழுத்தில் ஒரு முறை அறுத்தார்கள், ஈரலில் ஒரு முறை. போன மாதம் எதிர்வீட்டை இடித்தார்கள். அந்தத் தூசி அடங்குவதற்குள் இவன் நுரையீரலில் பூஞ்சை ஏறிவிட்டது.

இப்போது புதிதாக ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். முதல் நாளே என்னிடம், "உங்க அம்மா வழியில சின்ன வயசுலயே போன ஆம்பளைப் பிள்ளைங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். நம் இருவருக்கும் முன்னால் பிறந்த அண்ணனைச் சொன்னேன். கண் பட்டுப் போயிட்டான், கண் பட்டுப் போயிட்டான் என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாளே, அவன். அப்புறம் தும்பியைச் சொன்னேன். என் அக்கா பையன், ரெண்டு வயசு, நுரையீரல் காய்ச்சல் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு முன்னாடி மக்கின இலை, சருகு, இந்த மாதிரி எதுலயாவது விளையாடினானா?" என்றார்.

நான் இலையைப் பற்றி வாயே திறக்கவில்லை, அக்கா. சத்தியமாகத் திறக்கவில்லை.

உன் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேனே, அந்தக் கடைசி வருஷம். பின்பக்கம் கூட்டிக் குவித்த இலைக்குள் தும்பியை உட்காரவைத்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அவன் தலையில் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அந்த வாரமே இருமல். அதன் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோர் முன்னாலும், "என் புள்ளைய குப்பையில போட்டுக் கொன்னுட்டல்ல" என்று நீ சொன்னாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நான் படித்தது வணிகவியல். தப்பு இருந்தால் நீ திருத்திக்கொள். "யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். சிகரெட்டை விட்டு வருஷமாயிற்று என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்த மனுஷன், சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குச்சியில ஒரு மருந்து, பெட்டி ஓரத்துல ஒரு மருந்து. ஏன் தனித்தனியா வெச்சிருக்காங்க? ஒண்ணா இருந்தா உங்க சட்டைப் பையிலயே பத்திக்கும்" என்றார்.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுவும் அப்படித்தானாம். கிருமியை விழுங்கினால் மட்டும் ஆகாது, கொல்ல வேண்டும். அதற்கு, நாம் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனையே பற்றவைத்து ஆயுதமாக்குகிறது. பற்றவைக்கிற நொதியை எப்போதும் பூட்டித் தயாராக வைத்திருந்தால் அணு தன்னையே எரித்துக்கொள்ளும். அதனால் துண்டு துண்டாக வைத்திருக்கிறது. இரண்டு துண்டு அணுவின் சுவரிலேயே பதிந்திருக்கும். மற்றவை உள்ளே ஆளுக்கொரு மூலையில் சும்மா கிடக்கும். கிருமி வந்தது தெரிந்ததும் அவையெல்லாம் சுவருக்கு ஓடிவந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அப்போதுதான் பற்றும். வாண்டுவிடம் சுவரில் இருக்க வேண்டிய துண்டு ஒன்று இல்லை என்று சந்தேகப்படுகிறார். "மத்ததெல்லாம் சரியா ஓடி வரும்மா. வந்து நிக்கும். சேர்றதுக்கு இடம்தான் இருக்காது" என்றார்.

இது தாய் வழியாக வருவதாம். தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளையைத்தான் பிடிக்குமாம். உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நீலச் சாயப் பரிசோதனை என்கிறார்கள். இரண்டு தடவை செய்தார்கள். இரண்டு தடவையும் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கூட வைத்த நல்ல ரத்தமே சரியாக வரவில்லையாம். டாக்டரம்மா அதற்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார்.

தும்பிக்கு அந்த இருமலுக்கு முன்னால் கட்டி எதுவும் வந்ததா, அக்கா? நீயும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். வரப்போகிற பிள்ளைக்காக. என்மேல் இருக்கிற பழியைக் கழுவிக்கொள்ளத்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். ரத்தத்தை மட்டும் பார்.

உன் வாலு என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை.

தங்கை

---

ஜனவரி 19

சின்னவளுக்கு,

ஆய்வகத்துக்குக் கடிதம் போடாதே. இங்கே தபால் எல்லோர் கை மாறித்தான் என் மேஜைக்கு வரும். வீட்டு முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன்.

தீப்பெட்டிக் கதை டாக்டர்கள் சொல்வது. ஸ்லைடைப் பார்ப்பது என்னைப் போன்றவர்கள். பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை, உன்னையும்.

தும்பிக்குக் கட்டி வந்தது. இரண்டு முறை. களிம்பு போட்டோம், ஆறிற்று. எந்தப் பிள்ளைக்குக் கட்டி வரவில்லை?

நீலச் சாயப் பரிசோதனை சும்மா கெட்டுப்போகாது. அதுவும் இரண்டு தடவை. கூட வைத்த நல்ல ரத்தம் யாருடையது? அதை மட்டும் எழுது.

பிள்ளைக்கு இருமல் என்றால் தலைமாட்டை உயர்த்தி வை. தலையணையை அடுக்காதே, கழுத்து மடங்கும். கட்டில் காலுக்கு அடியில் செங்கல் கொடு.

தும்பி அம்மா

---

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

செங்கல் கொடுத்தேன். இடித்துப் போட்ட எதிர்வீட்டுச் செங்கல் எத்தனையோ கிடந்தது. அதைத் தொட மனசு வரவில்லை. கடையில் வாங்கிக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரி கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறான்.

நல்ல ரத்தம் என்னுடையதுதான்.

நர்ஸ் வந்து, "பிள்ளையோட ரத்தத்துக்குக் கூட வைக்கணும், நல்லா இருக்கிற ஆளா ஒருத்தர் கையை நீட்டுங்க" என்றாள். வாண்டுவின் அப்பாவைத்தான் பார்த்தேன். பஸ்ஸை மலைப்பாதையில் ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷன். ஊசியைக் கண்டால் போதும், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அதற்குள் நானே நீட்டிவிட்டேன். நான் தலைவலி காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்ததில்லை என்று உனக்குத் தெரியுமே. நல்ல ரத்தம் வேண்டுமென்றால் என் கையைவிட்டால் வேறு எது என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் நான்தான் நீட்டினேன். ஏன் கேட்கிறாய்? என் ரத்தத்தில் ஏதாவது குறையா?

உன் கடிதம் வந்த அன்று வாண்டு உறையை வாங்கி முகர்ந்து பார்த்தான். பெரியம்மா எழுதியது என்றேன். பெரியம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டான். ரத்தத்தில் இருக்கும் குட்டிக் குட்டி ஆட்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள் என்றேன். அவனுடைய ஆட்கள் கிருமியைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள், ஆனால் கொல்லத் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "என்னை மாதிரியே வாயில அடக்கிக்கிச்சுங்கம்மா" என்றான். அப்புறம், "பெரியம்மாகிட்ட கேளு, நான் சொல்றது சரியான்னு" என்றான்.

கேட்டுவிட்டேன். பதில் அவனுக்கும் சேர்த்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றே வேலை செய்யாதே. தும்பி வயிற்றில் இருந்தபோது உனக்குக் கால் வீங்கியது. வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான், அது ஞாபகம் இருக்கட்டும்.

தங்கை

---

பிப்ரவரி 6

வாலு,

நீ சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் செய்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் ரத்தத்தை நானே எடுத்தேன்.

இந்த மேஜையில் ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேருடைய ரத்தம் பார்த்திருக்கிறேன். என்னுடையதை ஒரு முறைகூட இதற்கு வைத்ததில்லை. எங்கள் ஆய்வகத்தில் கூட வைக்கிற நல்ல ரத்தம் எப்போதும் வாட்ச்மேனுடையது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு குழாய் தருவார். அன்றைக்கும் அவருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மஞ்சள் சாயம் விடுவோம். பற்றுகிற அணுவில் அது கருநீலமாக மாறும். வாட்ச்மேனுடையது முழுக்க நீலம். என்னுடையதில் ஒன்று நீலம், பக்கத்திலேயே ஒன்று வெறுமை. திரும்ப ஒன்று நீலம். ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனேன். சாயம் சரியாகக் கலக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுச் சாயம் கலந்து திரும்பவும் வைத்தேன். பாதிக்குப் பாதி.

உன் குழாயும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆரோக்கியமான ஆளுடையது பாதி வெறுமையாக இருந்தால் கெட்டுப்போச்சு என்றுதான் எவரும் நினைப்பார்கள், கொட்டிவிடுவார்கள். அது கெட்டுப்போகவில்லை. அதுதான் விடை. இரண்டு தடவையும் உனக்கு விடை வந்தது, இரண்டு தடவையும் கொட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரரைக் கை நீட்டச் சொல். சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டட்டும்.

அந்தத் துண்டைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது மரபணு, பெண்களுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒவ்வொரு அணுவும் இரண்டில் ஒன்றைத்தான் படிக்கும். நல்லதைப் படித்தது பற்றும், மற்றது பற்றாது. பாதி பற்றினாலே ஒரு ஆளுக்குப் போதும். அதனால்தான் நீயும் நானும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். ஆண் பிள்ளைக்கு ஒரே பிரதி. அதைக் கொடுப்பது தாய். அம்மா நமக்குக் கொடுத்தாள், தும்பிக்கு நான் கொடுத்தேன். நீ அவன்மேல் போட்டது வெறும் இலை.

இத்தனை வருஷமும் என் கோபத்துக்கு உட்கார ஓர் இடம் இருந்தது. நீதான் அது. காலையில் எழுந்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அன்றைய பொழுது போய்விடும். இனி எங்கே போய் உட்காருவேன், வாலு?

என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம், சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தும்பி போனதற்கு அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொன்னதெல்லாம் உன்னைத்தான். அந்த இடத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வரப்போவது என்ன பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

வாண்டுவிடம் சொல்: பெரியம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அவன் சொன்னதுதான் சரி. வாயில் அடக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

எனக்கு இனி எழுதாதே. உன்மேல் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். ஒரே ஒரு முறை உன் பேச்சைத் தட்டுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே அவர் கையை நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாண்டுவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "பயப்படாதப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று வாண்டு அவருக்குச் சொன்னான். அவருடையது முழுக்க நீலம். வாண்டுவினுடையதில் ஒன்றுகூட நீலம் இல்லை. உன் செய்தியைச் சொன்னேன். அதற்கப்புறம் மருந்து கொண்டுவருகிற ஒவ்வொரு நர்ஸிடமும், "எங்க பெரியம்மா பாத்துட்டாங்க, நான் சொன்னதுதான் கரெக்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எலும்பு மஜ்ஜையை மாற்றினால் இந்த நோய் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கு முன்னால் நுரையீரல் கொஞ்சம் தேற வேண்டும் என்று காத்திருந்தோம். தேறவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம். ஜன்னலில் நல்ல வெயில். ஒரு வாய் பால் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டான். முழுங்குடா கண்ணா, முழுங்குடா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் அப்பா டிப்போவிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டான், அக்கா.

செய்தி கேட்டதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். டிப்போவிலிருந்து அவருடைய கூட்டாளிகள் சீருடையோடு வந்தார்கள். அக்கம்பக்கத்தார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். சித்தப்பா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார். வந்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். எவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தகவல் சொல்லியாயிற்று என்றார் சித்தப்பா. அவர் மறந்திருப்பார் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மீதி மருந்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். எப்போதும் அவர் பேச்சில் இருக்கிற கண்டிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மருந்து இல்லாம இந்தப் பிள்ளை இத்தனை வருஷம் இருந்ததே பெரிசு. இலை, சருகு, தொட்டி மண்ணு, எதுலயும் விடாம வளர்த்திருக்கீங்க. நோயே தெரியாம இருந்தப்போ உங்களுக்கு அதை யாரு சொன்னா?" என்றார்.

"எங்க அக்கா சொன்னா" என்றேன்.

பொய் இல்லை, அக்கா. வராந்தாவில் நீ சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் இவனை வளர்த்தேன். வீட்டில் ஒரு பூந்தொட்டி வைத்ததில்லை. பூங்காவில் மற்றப் பிள்ளைகளெல்லாம் சருகில் விழுந்து புரளும். நான் இவனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பேன். இறக்கிவிடு, இறக்கிவிடு என்று என் முடியைப் பிடித்து இழுப்பான். எவ்வளவு இழுத்தும் நான் இறக்கிவிடவில்லை. தும்பிக்குக் கிடைக்காத மூன்று வருஷம் வாண்டுவுக்குக் கிடைத்தது. ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிப் பார்க்கிற வயதுவரை இருந்தான். அது நீ கொடுத்தது.

இனி வரப்போகிற பிள்ளை. ஆணாக இருந்தால் பிறந்த உடனே ரத்தம் பார்க்க வேண்டும். பார்த்து முடிக்கிறவரை, பிறந்ததும் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசியைப் போடக்கூடாது. டாக்டரம்மா இதை உனக்கு எழுதச் சொல்லி இரண்டு முறை சொன்னார். இந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஊசியே ஆபத்தாம். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் தினமும் மருந்து கொடுத்துக் காப்பாற்றி வைத்து மஜ்ஜை மாற்றலாமாம். அப்படித் தேறிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறாராம். இல்லாமலும் போகலாம், அக்கா. பாதிக்குப் பாதிதான். ஆனால் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லையே நீ.

மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால் என்மேலேயே போடு. "அந்த வாலு குடும்பத்துல ஏதோ நோயாம், எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்"னு சொல்லு. அவர் என்னைத் திட்டுவார், திட்டிவிட்டுப் போகட்டும். எனக்குப் பழகின பேச்சுதான். உன் கோபத்துக்கு உட்கார இடம் வேண்டுமென்றாலும் நான் இங்கேதான் இருக்கிறேன். இப்போது என் மடியும் காலியாகத்தான் இருக்கிறது.

நீட்டி எழுத வேண்டாம். பார்க்கச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி போதும். ஏப்ரல் வரப்போகிறது. சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

வாண்டு அம்மா